பெட்டியில் உறங்கும் காமிரா

இல்லமும் கருவியும் (மாதப் பகுதி)



சென்ற திங்கள் இப்பகுதியில் தையல் இயந்திரத்தைத் துடைத்து எண்ணெயிடும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அது குறித்து வந்த கடிதங்களோடு, தையலுக்குச் சற்றும் தொடர்பில்லாத கடிதம் ஒன்றும் வந்து சேர்ந்தது. எழுதியவர் பிலாயில் வாழும் ஒரு சகோதரி. அதன் சாரம் பின்வருமாறு:

“எங்கள் இல்லத்தில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்று இருக்கிறது. என் கொழுந்தனார் திருமணத்தின்போது ஆசையாக வாங்கியது. கைப்பேசி வந்தபின் அது பீரோவில் உறங்குகிறது. சென்ற பொங்கல் விழாவில் என் மகள் மேடையில் நடனமாடியபோது அதை எடுத்துச் சென்றோம். நாற்பது படங்கள் பிடித்தும் ஒன்றிலேனும் குழந்தையின் முகம் தெளிவாக விழவில்லை. சில கறுத்துவிட்டன, சில கலங்கிவிட்டன. கும்பகோணத்தில் இருக்கும் என் மாமியாருக்கு வயது எண்பத்திரண்டு. இவ்வளவு தூரம் பயணம் செய்ய அவருக்கு இயலாது. கைப்பேசியில் அனுப்பும் படம் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும், காகிதத்தில் பெரிதாகப் போட்டு அனுப்புமாறும் கேட்கிறார். இவ்வாண்டும் மகள் ஆடுகிறாள். இந்தக் காமிராவைக் கொண்டே அவள் முகத்தைப் பிடிக்க வழி உண்டா? புதிதாக ஒன்று வாங்க இப்போது வசதியில்லை.”

வழி உண்டு, சகோதரி. புதிதாக எதுவும் வாங்க வேண்டுவதில்லை. விழாவுக்கு முன் ஏழு மாலைப்பொழுதுகள் பழகினால் போதும்.

இதனை எழுதும் நான் புகைப்படத் தொழிலாளி அல்லேன். நாகபுரியில் ரயில்வே அலுவலகக் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றவன். ஆயினும் காமிராவோடு வரும் விளக்கப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து, ஞாயிறுதோறும் பழகி, நம் சங்க விழாக்களைச் சில ஆண்டுகளாகப் படம் பிடித்து வருகிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் இக்கருவியை ஆளலாம் என்பது என் அனுபவம்.

கருவியின் உள்ளே

எஸ்.எல்.ஆர். என்னும் மூன்றெழுத்து, லென்ஸ் ஒன்றே என்பதையும் உள்ளே கண்ணாடி ஒன்று உண்டு என்பதையும் குறிக்கிறது. லென்ஸ் வழியே நுழையும் ஒளி, உள்ளே 45 பாகை சாய்ந்து நிற்கும் சிறு கண்ணாடியின்மேல் பட்டு மேலே திரும்புகிறது. அங்கிருந்து பட்டகம் ஒன்றின் வழியாக நம் கண்ணை வந்தடைகிறது. ஆகவே லென்ஸ் காண்பதையே நாமும் காண்கிறோம். பொத்தானை முழுவதும் அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும், ஷட்டர் என்னும் திரை திறக்கும், பின்னாலிருக்கும் உணர்பலகையில் ஒளி விழும், திரை மூடும், கண்ணாடி மீண்டும் தாழும். காதில் விழும் ‘கிளக்’ ஓசை இவ்வளவையும் சேர்த்ததே. அக்கணத்தில் மட்டும் நம் கண்ணுக்கு இருளாகத் தோன்றும்.

முற்காலத்தில் அப்பலகை இருந்த இடத்தில் பிலிம் இருந்தது. 1975-ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் பிலிம் இல்லாத முதல் காமிராவைச் செய்தார். அதில் ஒரு படத்தை நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. படத்தில் இருந்த புள்ளிகள் பத்தாயிரமே. 1991-இல் அதே நிறுவனம் நிக்கான் எஃப்-3 காமிராவின் உடலில் மின்னணுப் பலகையைப் பொருத்தி விற்றது. 2003-இல் கானன் 300-டி வந்தபோது விலை இறங்கி, குடும்பத்தாரும் வாங்கத் தலைப்பட்டனர். இன்றோ பெரிய நிறுவனங்கள் கண்ணாடி இல்லாத காமிராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. அதனால் பழைய எஸ்.எல்.ஆர். காமிராக்கள் மலிந்தனவேயன்றி, அவற்றின் ஆற்றல் குறைந்துவிடவில்லை. நம் வீடுகளில் இருப்பவற்றின் உணர்பலகை பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. கைப்பேசியின் பலகையைவிட இது பன்மடங்கு பெரியது. மங்கிய மேடை விளக்கில் ஒளியைச் சேகரிக்க இப்பரப்பே உதவுகிறது.

மூன்று கட்டுப்பாடுகள்

காமிராவின் தலையில் ஒரு சக்கரம் இருக்கும். அதில் பச்சை நிறத்திலோ ‘ஆட்டோ’ என்றோ குறித்த இடத்தில் வைத்துவிட்டால் எல்லாவற்றையும் கருவியே தீர்மானிக்கும். வெளியில் நல்ல வெயிலில் இது பெரும்பாலும் பிழைபடாது. மேடையில்தான் வம்பு. ஏனெனில் முன்னே ஆடுவது குழந்தை என்றோ, நமக்கு வேண்டியது அவள் முகம் என்றோ அதற்குத் தெரியாது. தெரிந்தவர் தாய்தான், ஆதலால் தாயே தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்க வேண்டியவை மூன்று.

ரயில் நிலைய வாயில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும் ஜனங்களின் எண்ணிக்கை இரண்டைப் பொறுத்தது. ஒன்று கதவு எவ்வளவு அகலம் என்பது. மற்றொன்று அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. லென்ஸில் உள்ள துவாரமே கதவின் அகலம். ஷட்டரின் காலமே கதவு திறந்திருக்கும் நேரம்.

துவாரத்தை ‘எஃப்’ எண்ணால் குறிப்பர்: 2.8, 4, 5.6, 8, 11, 16 என்பன. எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும். இங்கேதான் புதியவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள். இதனைப் பின்னத்தின் கீழ் எண்ணாகக் கொண்டால் குழப்பம் தீரும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் ‘எஃப் 2’ என்றால் 50-ஐ 2 ஆல் வகுக்க, துவாரத்தின் குறுக்களவு 25 மில்லிமீட்டர். ‘எஃப் 16’ என்றால் 50-ஐ 16 ஆல் வகுக்க, சுமார் 3 மில்லிமீட்டர். மேலே சொன்ன வரிசையில் ஓரடி ஏறினால் ஒளி பாதியாகும். ஓரடி இறங்கினால் இருமடங்காகும்.

துவாரத்துக்கு வேறொரு குணமும் உண்டு. அகலத் திறந்தால் ஒரு முகம் மட்டும் தெளிவாகி, பின்னாலுள்ளவை மங்கும். சுருக்கினால் முன்னும் பின்னும் தெளிவாகும். தனி ஒருவரைப் பிடிக்கும்போது அகலத் திறப்பது அழகு. சங்கத்தின் ஆண்டு விழாவில் மூன்று வரிசையாக நிற்கும் அங்கத்தினர்களைப் பிடிக்கும்போது ‘எஃப் 8’-க்குக் குறையாமல் வைப்பதே முறை. இல்லையேல் கடைசி வரிசையில் நிற்பவர், “நான் யார்?” என்று செயலாளரைக் கேட்க நேரிடும்.

ஷட்டரின் காலம் விநாடியின் பின்னமாக எழுதப்பெறும்: 1/60, 1/125, 1/250, 1/500 என. காலம் நீண்டால் ஒளி மிகும். ஆனால் அதற்குள் அசைந்தது எதுவோ அது கலங்கும். நம் கை நடுக்கமும் அதில் சேரும். லென்ஸ் 55 மில்லிமீட்டரில் நின்றால் 1/100-க்குக் குறையாமல் வைத்தால் கைநடுக்கம் பெரும்பாலும் தெரியாது. அது நம் கைக்கு. ஆடுபவரின் கைக்கோ 1/200 அல்லது 1/250 வேண்டும். ஓடும் குழந்தைக்கு 1/500.

மூன்றாவது ஐ.எஸ்.ஓ. என்பது. நிலையத்தின் ஒலிபெருக்கியை இதற்கு உவமையாகக் கூறலாம். அறிவிப்பாளரின் குரல் தணிந்திருந்தால் ஒலியைக் கூட்டுகிறோம். குரல் கேட்கிறது, ‘உஸ்’ என்ற இரைச்சலும் கூடுகிறது. அவ்வாறே குறைந்த ஒளியிலிருந்து வந்த படத்தை ஐ.எஸ்.ஓ. பெருக்கிக் காட்டும்; கூடவே மணல் தூவினாற்போன்ற புள்ளிகளும் தோன்றும். வெயிலில் 100 போதும். மரநிழலில் 400. வீட்டுக்குள் ஜன்னலோரத்தில் 800. மேடைக்கு 1600 அல்லது 3200 வரை அஞ்சாமல் செல்லலாம். புள்ளி விழுந்தாலும் முகம் தெரியும். கலங்கிய படத்தில் முகமே இராது. எதை விட்டு எதைக் காப்பது என்பதை இவ்வாறு நினைவிற் கொள்க.

நாற்பது படங்களுக்கு நேர்ந்தது

பிலாய்ச் சகோதரியின் படங்களை நான் கண்டதில்லை. எனினும் அவர் எழுதிய விவரத்திலிருந்து காரணங்கள் மூன்று என்று கூறலாம். நம் மண்டபங்கள் யாவும் ஒரே மாதிரியானவை. ஆதலால் ஏனையோருக்கும் இது பொருந்தும்.

முதற் காரணம் வேகக் குறைவு. மேடை வெளிச்சம் நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றினும், வெயிலோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆட்டோவில் விட்ட கருவி அதனை ஈடுசெய்ய ஷட்டரை 1/30 அளவுக்குத் தாமதப்படுத்தியிருக்கும். குழந்தையின் கை அதற்குள் நகர்ந்துவிடும்.

இரண்டாவது காரணம் பின்திரை. மேடைக்குப் பின்னால் சங்கத்தின் பெயர் எழுதிய வெள்ளைப் பதாகை தொங்கும்; இப்போது ஒளிரும் திரையும் வைக்கிறார்கள். காமிராவில் உள்ள ஒளிமானி, தான் காணும் காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதியே கணக்கிடும். வெள்ளை மிகுந்த காட்சியைக் கண்டால் ‘ஒளி அதிகம்’ என்று குறைத்துவிடும். பதாகை சாம்பலாகும், அதன்முன் நிற்கும் முகம் கறுக்கும். கறுப்புத் திரை தொங்கினால் இதற்கு மாறாக நடக்கும். ஒளியைக் கூட்டி முகத்தை வெளிறச் செய்துவிடும்.

மூன்றாவது காரணம், தானாக எழும் சிறு பிளாஷ் விளக்கு. பெட்டியோடு கூடிய பிளாஷின் ஆற்றல் எண், ஐ.எஸ்.ஓ. 100-இல் சுமார் 10 என்று கொள்வோம். அதனை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் வரும். ‘எஃப் 4’ என்றால் இரண்டரை மீட்டர். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் ஐந்து மீட்டர். பன்னிரண்டாவது வரிசையிலிருந்து அடிக்கும் பிளாஷ் குழந்தையை எட்டாது. முன்வரிசையில் இருப்பவரின் வழுக்கையை மட்டும் நன்கு விளக்கும். அருகிலிருந்து அடித்தாலோ ஆடும் குழந்தையின் கண் கூசும், தாளம் தவறும். ஆதலின் மேடைக்குப் பிளாஷை மூடிவிடுக.

விழா நாளில் செய்ய வேண்டுவன

இனிச் செய்முறை. சக்கரத்தைக் கானன் காமிராவில் ‘டீவி’ என்ற இடத்திலும், நிக்கானில் ‘எஸ்’ என்ற இடத்திலும் வையுங்கள். இப்போது ஷட்டர் உங்கள் வசம். துவாரத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். ஷட்டரை 1/200 ஆக வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 3200. பெட்டியோடு வந்த 18-55 லென்ஸில் இந்த அளவுக்குச் சாதாரண மேடை வெளிச்சம் ஏறக்குறையப் போதும். போதாவிடில் பார்வைச் சாளரத்தில் எஃப் எண் மின்னி எச்சரிக்கும். அப்போது 1/125-க்கு இறங்குக. 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸை எவரேனும் இரவல் தந்தால் அது பெரும் பாக்கியம். சிறிய லென்ஸ் எட்டு மடங்குக்கு மேல் கேட்கும் ஒளியில் அது வேலை செய்துவிடும்.

சில எல்.இ.டி. விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஆதலால் விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி எழும். படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்தால் இதுவே காரணம். 1/100 வைத்தால் பட்டை மறையும். அப்போது ஆட்டத்தின் நடுவே பிடியாமல், தீர்மானம் முடிந்து குழந்தை அசையாது நிற்கும் அந்த நொடியில் பிடியுங்கள். வீட்டில் மகள் பயிலும்போது பாட்டைக் கேட்டு, எங்கே நிற்பாள் என்பதை மனத்தில் குறித்துக்கொண்ட தாய்க்கு இது எளிது. கூலிக்கு வரும் படக்காரர் எவர்க்கும் இந்த வசதி இல்லை.

பின்திரை வெள்ளையானால், ‘கூட்டல் கழித்தல்’ குறியிட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு +1 வரை கூட்டுக. கறுப்பானால் -1 வரை குறைக்க. ஒரு படம் பிடித்துப் பின்னால் உள்ள திரையில் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். பதாகை வெளுத்தாலும் குற்றமில்லை; முகம் சரியாக இருத்தல் வேண்டும். ஒன்று எச்சரிக்கை. ‘டீவி’யில் துவாரம் முழுதும் திறந்தபின் கூட்டல் பயன் தராது, அப்போது ஐ.எஸ்.ஓ.வைத்தான் 6400-க்கு உயர்த்த வேண்டும்.

குவியப் புள்ளிகள் பலவற்றில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்து, குழந்தையின் முகத்தில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்துக; புள்ளி ஒளிர்ந்ததும் முழுதும் அழுத்துக. பாதி, பிறகு முழுதும் என்னும் இந்த இரண்டு படி பழக்கத்துக்கே மூன்று மாலைகள் வேண்டும்.

எங்கே உட்காருவது? மேடையிலிருந்து 4 மீட்டர் தூரத்தில், லென்ஸை 55-இல் வைத்துக் காமிராவை நெடுக்காகப் பிடித்தால் சுமார் ஒன்றரை மீட்டர் உயரம் அடங்கும். பத்து வயதுக் குழந்தை தலை முதல் பாதம் வரை அதில் அடங்குவாள். கை உயர்த்தினால் சற்றே 45-க்குத் திருப்புக. செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி ஓரத்து நாற்காலி ஒன்று பெறுங்கள். நடுவில் எழுந்து நின்று பின்னால் இருப்பவரை மறைப்பது நம் பண்புக்கு ஏற்றதன்று.

நிறத்தைப் பற்றி

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாக எழுத வேண்டும். நம்மில் பலர் கறுப்பு நிறத்தினர். மேலே சொன்ன ஒளிமானிப் பிழையால் நம் குழந்தைகளின் முகம் இன்னும் கறுத்து, கண்ணும் மூக்கும் தெரியாமற் போகிறது. உடனே பெற்றோர் படக்கடைக்குச் சென்று, “சற்று வெளுப்பாக்கிக் கொடுங்கள்” என்கிறார்கள். கடைக்காரர் கணினியில் ஒரு தட்டுத் தட்டுகிறார். சுண்ணாம்பு பூசினாற்போல் ஒரு முகம் வருகிறது. கைப்பேசிகளிலும் ‘அழகு’ என்று பெயரிட்டு இதனையே செய்து வைத்திருக்கிறார்கள்.

வெளிச்சம் குறைந்ததால் வந்த கறுப்பு வேறு. பிறவியின் நிறம் வேறு. முன்னதை நீக்க வேண்டும். பின்னதை உள்ளவாறே காக்க வேண்டும். பிடிக்கும்போதே முகத்துக்கு ஒளியைச் சரியாகக் கொடுத்தால், கருநிற முகத்தில் நெற்றியின் மினுமினுப்பும் கன்னத்தின் வளைவும் எத்தனை நேர்த்தியாக விழுகின்றன என்பதைக் காணலாம். வீட்டில் பிடிக்கும்போது பிளாஷ் இன்றி, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்துப் பாருங்கள். வெள்ளைச் சுவரைப் பின்னால் விடாமல், நீலத்திலோ பச்சையிலோ ஒரு புடைவையைத் தொங்கவிடுங்கள். அச்சிடக் கொடுக்கும்போது, “நிறத்தைத் தொட வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். கும்பகோணத்துப் பாட்டி தேடுவது தம் மகனின் சாயலைத்தான். வெளுத்த வேறொரு குழந்தையின் முகத்தில் அது எப்படிக் கிடைக்கும்? நம் பெண்குழந்தைகளும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். பெற்றோரே தம் நிறத்தை அழிக்கச் சொன்னார்கள் என்று அவர்கள் அறிய நேர்வது நல்லதன்று.

விளக்கின் நிறம் முகத்தில் ஏறுவதும் உண்டு. மஞ்சள் விளக்கில் மஞ்சளாகவும் குழல் விளக்கில் சற்றே பச்சையாகவும் முகம் மாறும். ‘ஒயிட் பேலன்ஸ்’ என்னும் பகுதியில் அந்தந்த விளக்கின் படம் போட்டிருக்கும். பொருத்தமானதைத் தேர்ந்தால் சீராகும். குத்துவிளக்கின் முன் மட்டும் பகலொளிக் குறியிலேயே விடுங்கள். தீபத்தின் பொன்னிறம் நீங்கிவிட்டால் கார்த்திகைப் படத்துக்கு என்ன பொருள்?

ஏழு மாலைகள்

முதல் மாலை: சக்கரத்தை ‘ஏவி’ அல்லது ‘ஏ’ குறியில் வைத்து, மேசைமேல் மூன்று டம்ளர்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி எஃப் 5.6, 8, 16 என மூன்று படங்கள். தெளிவு எவ்வாறு மாறுகிறது எனக் காண்க.

இரண்டாம் மாலை: ‘டீவி’ குறியில், சுழலும் மின்விசிறியை 1/30, 1/125, 1/500 ஆகியவற்றில் பிடிக்க.

மூன்றாம் மாலை: ஒரே இடத்தை ஐ.எஸ்.ஓ. 400, 1600, 6400 ஆகியவற்றில் பிடித்து, புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்க்க.

நான்காம் மாலை: வெள்ளை வேட்டியின் முன்னும் கறுப்புப் போர்வையின் முன்னும் ஒருவரை உட்காரவைத்து, கூட்டல் கழித்தலைப் பழகுக.

ஐந்தாம், ஆறாம் மாலைகள்: கூடத்தில் மகள் ஆடிப் பழகும்போது உடன் பழகுக. குழந்தைக்கும் காமிராவின் ஓசை பழகிவிடும்.

ஏழாம் மாலை: மின்கலத்தை நிரப்பி, நினைவு அட்டையில் இடமுண்டா எனப் பார்த்து, உயர்ந்த ‘ஜேபெக்’ தரத்தில் வைத்துவிட்டு, வேறொன்றும் தொடாமல் உறங்குக.

இப்பயிற்சிக்குப் பிலிம் செலவில்லை. எங்கள் தந்தையார் காலத்தில் ஒரு சுருளில் 36 படம். கழுவி வரும்வரை பலன் தெரியாது. இன்று நூறு படங்கள் எடுத்து நூறையும் அழிக்கலாம்.

காகிதமும் பெயரும்

படம் பிடித்ததோடு கடமை முடிந்ததாக எண்ணற்க. 24 மெகாபிக்சல் காமிராவின் படம் நீளத்தில் 6000 புள்ளியும் அகலத்தில் 4000 புள்ளியும் உடையது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் 20 அங்குலம் வரை தாங்கும். முதிய கண்களுக்கு 8-க்கு 12 அங்குலம் நல்ல அளவு. பளபளப்பான காகிதத்தில் விளக்கு எதிரொளித்துக் கண்ணைக் கூசும். மங்கல் காகிதம் கேளுங்கள். முழு நடனத் தோற்றம் ஒன்றும், முகம் மட்டும் நிறைந்தது ஒன்றுமாக இரண்டு போடுங்கள். முகப்படத்தைத்தான் பாட்டி தலையணைக்கு அருகில் வைத்துக்கொள்வார்.

படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் நாளும் எழுதுக. தமிழில் எழுதுக. நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் பெயர் எழுதாத படங்கள் எத்தனை! ‘இது யார்?’ என்று குழந்தை கேட்கும்போது சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவரே இருப்பார். அவரும் போனபின் அந்த முகம் அனாதையாகிவிடும். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அத்தை, பெரியப்பா, சின்னத்தாத்தா என்னும் உறவுகள் படத்தின் பின்னெழுத்தாகவாவது எஞ்ச வேண்டும். கணினியில் வைத்திருப்போர் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைக்கவேண்டும். வட்டுகள் ஒருநாள் பழுதாகியே தீரும்.

பிறிதொன்று. படம் பிடிப்பவர் படத்தில் இருப்பதில்லை. பல குடும்பங்களில் தகப்பனாரோ தாயாரோ பத்தாண்டு ஆல்பத்தில் ஓரிடத்திலும் காணப்படார். பத்து வயதுப் பிள்ளையிடம் கழுத்துப் பட்டியை மாட்டிவிட்டுக் காமிராவைக் கொடுங்கள். கோணல் இருந்தாலும் அந்தப் படத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

பேணுதலும் எச்சரிக்கையும்

நீண்ட நாள் வைப்பதானால் மின்கலத்தைத் தனியே எடுத்துவிடுக. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சணம் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது தக்கது. தோல் உறைக்குள் மூடிவைப்பது ஈரத்தைச் சேர்க்கும். லென்ஸின்மேல் தூசி இருந்தால் முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகே மென்துணியால் துடைக்க வேண்டும். உள்ளே தெரியும் கண்ணாடியை விரலால் தொடவே கூடாது.

ரயில்வே ஊழியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தண்டவாளத்தில் இறங்கியோ, ஓடும் வண்டியின் படிக்கட்டில் தொங்கியோ படம் பிடிக்க வேண்டாம். தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். வரும் வண்டியை நோக்கிப் பிளாஷ் அடிப்பதும் தீது. ஓட்டுநரின் கண் கூசும். சட்டம் ஒருபுறம் இருக்க, வண்டி வரும் வேகத்தைக் காமிராவின் சாளரத்து வழியே எவராலும் மதிப்பிட முடியாது.

பிலாய்ச் சகோதரிக்கு: விழா முடிந்தபின் தங்கள் மாமியார் எழுதும் மறுமொழியை எமக்கும் அறிவியுங்கள். இதே ஐயம் உள்ள பிற நேயர்கள் தம் காமிராவின் பெயரையும் எண்ணையும் குறித்து எழுதினால், எனக்குத் தெரிந்த அளவில் விடை தருவேன். அடுத்த திங்கள், வீட்டு மின்விசிறியில் ஓசை எழுவதற்கான காரணங்களும் அதனை நீக்கும் வகையும்.